இரண்டாவது கேள்வி

நாற்காலிகளை எப்படி வட்டமாகப் போடுவது, கோபமாக இருக்கும் மாணவரை எப்போது பேசவிடுவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை நான் மறுபடி சொல்லப்போவதில்லை. பன்னிரண்டு வருடம் அந்த வேலையைச் செய்து, எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்த காலத்தில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லப்போகிறேன்.

உங்களில் ஒருவர் டெக்சாஸ் ஃபிரிஸ்கோவிலிருந்து போன் செய்து, "நாங்க அஞ்சு பேரும் தமிழ் ஆளுங்க மேடம், வேற வேற யூனிவர்சிட்டில இந்த கிளாஸ் எடுக்கப்போறோம், உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க" என்று கேட்டபோது முதலில் ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் என்னைப் பற்றி எனக்கே மரியாதை வந்தது. அப்போதே ஏதோ சரியில்லை என்று தோன்றியது. கிழித்துவிட்டேன். அந்தத் தப்பை நான் தமிழில் செய்தேன். தமிழில் எழுதினால்தான் ஒளிக்காமல் எழுத முடியும்.

எங்கள் வகுப்பு நியூஜெர்சியில் ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஒத்துப்போகாதவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசக் கற்றுக்கொள்ளும் வகுப்பு. பதினான்கு பேர், வட்டமாக உட்கார வேண்டும். விதிகள் இரண்டுதான். ஒன்று, இங்கே பேசியது வெளியே போகக் கூடாது. இரண்டு, ஒருவர் சொன்னதற்குப் பதில் சொல்லும் முன், அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் "ஆமாம், அதுதான்" என்று சொல்லும்வரை விடக் கூடாது. இரண்டாவது விதி பார்க்க எளிது. ஒருமுறை துப்பாக்கிச் சட்டம் பற்றிப் பேசியபோது ஒரு பெண் ஏழு தடவை திருப்பிச் சொல்லியும் எதிரில் இருந்த பையன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து காரைத் திருப்பச் சொல்கிறவள். "இவ சண்டை தீர்த்து வைக்கற வேலைக்குப் போறாளாம்" என்று என் வீட்டுக்காரர் நாங்கள் இருக்கும் வெஸ்ட் வின்ட்சரில் பார்க்கிற ஆட்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் பயந்தவர்கள் இந்த வேலைக்கு நல்லவர்கள் என்றே நான் நினைக்கிறேன், எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்திருந்தால்.

மூன்றாவது வாரம். ஒவ்வொருவரும் தான் எங்கிருந்து வந்தவர் என்று இரண்டு நிமிடம் பேச வேண்டும். ஆரம்பிக்கும் முன் நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: "வெளியே நீங்கள் ஜாக்கிரதையாக இருங்கள். இந்த அறைக்குள் வேண்டாம்." நன்றாக இருக்கிற வாக்கியம். பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வகுப்பில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள். ஒருத்தி நித்யா. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். வகுப்பில் என்னைப் ப்ரொஃபசர் என்பாள், வெளியே ஆன்ட்டி. மற்றவன் பிரவீன். அது அவன் நிஜப் பெயர் இல்லை. ஜெர்சி சிட்டியிலிருந்து ரயிலில் வருவான். அப்பா அங்கே ஒரு வங்கிக்குக் கான்ட்ராக்டில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறார் என்று அவன் சொன்னதும், நித்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எந்த வங்கி, எந்த மாடி என்று கேட்டாள். அவளுடைய அப்பாவும் அங்கேதான். அப்பாவின் டீம்தான். "அப்போ உங்க அப்பா எங்க அப்பாகிட்டதான் ரிப்போர்ட் பண்றார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பிரவீனும் சிரித்தான்.

எனக்கு ஒரே சந்தோஷம். நியூஜெர்சியில் ஓர் அறையில் மூன்று தமிழர்கள். வாய் தானாகத் தமிழுக்குப் போய்விட்டது.

"எந்த ஊரு கண்ணு?" என்றேன்.

ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஊரைச் சொன்னான். எங்கள் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர். அந்த ஊர்ச் சந்தையில் என் அப்பா மாடு வாங்கியிருக்கிறார்.

"அட, நம்ம பக்கம். ஊர்ல எந்தப் பக்கம்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் என்று ஆங்கிலத்தில் சொன்னான். தாத்தா பாட்டி வீடு அங்கேதான் என்றான்.

எனக்கு அந்த ஊர் தெரியும். கேட்டுக்கு இந்தப் பக்கம் ஊர். அந்தப் பக்கம் காலனி. இந்தப் பக்கத்துப் பஸ் அந்தப் பக்கம் போகாது. அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கத்து டீக்கடையில் எந்த டம்ளரில் குடித்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நாங்கள் இந்தப் பக்கத்து நிலக்காரச் சாதி.

"ஓ" என்றேன். பிறகு ஆங்கிலத்துக்குத் திரும்பி, "சரி, அடுத்து யார்?" என்றேன்.

நடந்தது அவ்வளவுதான். மற்ற பன்னிரண்டு பேருக்கு எதுவும் புரிந்திருக்காது. ஒரு வயதான அம்மாவும் ஒரு பையனும் ஊர்க்கதை பேசினார்கள், முடிந்தது.

வீட்டுக்குக் காரோட்டிப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. பிரவீனின் அப்பாவுக்கு கிரீன் கார்டு இன்னும் வரவில்லை என்று அவனே சொல்லியிருந்தான். கம்பெனிதான் அப்ளை செய்திருக்கிறது. வேலை போனால் எல்லாம் முதலிலிருந்து. அந்த வேலை நித்யாவின் அப்பா கையில். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பக்கத்து ஆள், எங்கள் சாதிக்காரர். பொல்லாத மனுஷன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வீட்டில் சாப்பிடலாம், யாரை வீட்டுக்குக் கூப்பிடலாம் என்பதில் அவர் கணக்கு எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். என் கணக்கும் அப்படித்தானே ஓடியது, ஒரு நொடியில்.

நித்யா வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது, "அப்பா, பிரவீனோட தாத்தா வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கமாம்" என்று யதார்த்தமாகச் சொன்னால் போதும். அவளுக்கு ஒன்றும் தெரியாமலே ஒரு குடும்பத்தின் கதை மாறிவிடும். சொல்லாதே என்று நான் அவளிடம் கேட்கலாம். ஏன் ஆன்ட்டி என்று அவள் கேட்பாள். சொல்லாதே என்று கேட்பதே சொல்வதுதான். இரண்டு வாரம் இதிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

எனக்கு முன்னால் அந்த வகுப்பை நடத்திய ஒரு பெண்மணியிடம் ஒரு பழக்கம் இருந்தது. நாற்காலிக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருப்பார். வகுப்பு முடிந்ததும், அன்று தான் யார் முகத்தைப் பார்க்காமல் தவிர்த்தாரோ அந்தப் பெயரை அதில் எழுதுவார். கோபக்காரன் பெயரோ, வாயாடி பெயரோ அதில் அநேகமாக இருக்காது. நான் அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். நாலாவது வாரச் சீட்டிலும் ஐந்தாவது வாரச் சீட்டிலும் நான் எழுதிய பெயர் பிரவீன். அந்த இரண்டு வாரமும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதற்கு நடுவில் இன்னொன்று. எட்டாவது வாரத்துக்கான விஷயத்தை வகுப்பு ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும். பாரபட்சம் காட்டக் கூடாது என்று பல்கலைக்கழக விதியில் இனம், மதம் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் சாதியையும் சேர்க்கலாமா என்று அப்போது வளாகத்தில் பேச்சு. ஒரு வெள்ளைக்காரப் பையன் அதை எழுதிப் போட்டான், அதுவே ஜெயித்தது. பிரவீன் எதற்கு ஓட்டுப் போட்டான் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நித்யா வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாக்குச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், என் வீட்டுக்காரர் விடவில்லை. இலை போட்டுச் சாப்பாடு. ரசத்துக்கு வரும்போது நித்யாவின் அப்பா ஆரம்பித்தார்.

"அக்கா, நம்ம டீம்காரர் ஒருத்தர் சொன்னாரு, அவரு பையன் உங்க கிளாஸ்ல இருக்கறானாமா?"

"ஆமா."

"நல்ல மனுஷனுங்க அவரு. வேலையில கெட்டி. ஆனா எந்த ஊருன்னு கேட்டா ஈரோடு ஈரோடுங்கறாரு. ஈரோட்டுல எங்கன்னு கேட்டா பஸ் ஸ்டாண்டு பக்கம்ங்கறாரு. மூணு வருஷமா அதே பஸ் ஸ்டாண்டுதான். உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமுங்களா?"

நித்யா தண்ணீர் ஜாடியோடு என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது. 'நீங்கதானே ஆன்ட்டி கேட்டீங்க' என்று அவள் சொல்லப்போவது என் காதில் முன்கூட்டியே கேட்டது. எனக்குத் தெரியாது என்று பொய் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரியும் என்றால் அவருக்குத் தெரிந்துவிடும். இத்தனை வருடம் அடுத்தவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த நான் ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"அப்பா" என்றாள் நித்யா. பிறகு ஆங்கிலத்தில், வகுப்பில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி, ஆன்ட்டியிடம் கேட்காதீர்கள் என்றாள். என் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

"அட, ஊரக் கேக்கறதுல என்ன சாமி ரகசியம்" என்று அவர் சிரித்தார். என் வீட்டுக்காரர் கிரிக்கெட் பேச்சுக்குப் போய்விட்டார். அவர் பேச்சை மாற்றியதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

கிளம்பும்போது நித்யா கார்வரை வந்தாள். காருக்குள் ஏறவிடாமல் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள், நான் தமிழில் சொல்கிறேன்.

"ஆன்ட்டி, அன்னைக்கு அந்தக் கேள்விக்கு சரியான பதில் எது?"

"எந்தக் கேள்வி?"

"எந்தப் பக்கம்னு கேட்டீங்களே. அவன் ஏதோ தப்பா சொல்லிட்ட மாதிரி நீங்க சைலண்ட் ஆயிட்டீங்க. எங்க வீட்டுலயும் சில பேர் ஊரச் சொன்னா அப்பா அப்படித்தான் சைலண்ட் ஆவார். அதான் நான் யாரப் பத்தியும் வீட்டுல சொல்றதே இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில் நின்று அழக் கூடாது என்று உள்ளே உட்கார்ந்துகொண்டேன். "அவன் பதில்ல தப்பு எதுவும் இல்ல. நான் கேட்டதுதான் தப்பு" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாளா, கண்டுபிடித்தும் காட்டிக்கொள்ளவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாளே பிரவீனுக்கு எழுதினேன், முடிந்தால் என் அறைக்கு வரச் சொல்லி. வந்தான். பையைத் தோளிலிருந்து இறக்காமல் உட்கார்ந்தான். நான் தயாராக வைத்திருந்ததை ஒப்பித்தேன்: மன்னித்துவிடு, நித்யா எதுவும் சொல்லவில்லை, யாருக்கும் புரியவில்லை, எட்டாவது வாரத்து விஷயத்தை வேண்டுமானால் மாற்றிவிடுகிறேன்.

மாற்ற வேண்டாம் என்றான். மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். நித்யாவின் அப்பாவிடம் நீங்கள் எதையும் சரிசெய்ய முயற்சி செய்யாதீர்கள் என்றான். பிறகு பேசினான். ஆங்கிலத்தில், நிதானமாகப் பேசினான்; நான் தமிழில் சொல்கிறேன்.

"முதல் கேள்வி எல்லாரும் கேப்பாங்க. எங்கேர்ந்து வர்றேன்னு அமெரிக்கன்ஸும் கேப்பாங்க. ரெண்டாவது கேள்விய நம்ம ஆளுங்க மட்டும்தான் கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்லணும்னு எனக்குப் பதினோரு வயசுலேயே அப்பா சொல்லிக்குடுத்துட்டார். பஸ் ஸ்டாண்ட் பக்கம். எப்பவும் அதைத்தான் சொல்வேன். அன்னைக்கு உண்மையச் சொன்னேன். இந்த ரூமுக்குள்ள ஜாக்கிரதையா இருக்க வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க."

விதிப்படி திருப்பிச் சொல்லட்டுமா என்று கேட்டேன். தலையாட்டினான்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு உனக்குக் கஷ்டமாயிடுச்சு" என்றேன்.

"இல்ல."

"அப்பாவோட வேலைக்கு ஆபத்து வந்துடுமோன்னு பயந்துட்ட."

"பயம் இருக்கு. ஆனா நான் சொன்னது அது இல்ல."

மூன்றாம் தடவை கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னேன். "நான் சொன்னத நம்பி நீ ஜாக்கிரதைய விட்ட. விட்டதும் நானே உன்னத் தராசுல நிறுத்துப் பாத்துட்டேன்."

"க்ளோஸ்" என்றான். பக்கத்தில் வந்துவிட்டீர்கள், ஆனால் அது இல்லை. அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டான். நான்காம் தடவை சொல்ல எனக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் பல்தேய்க்கும்போது யோசிப்பதுண்டு.

எட்டாவது வாரம் வந்தது. அந்த வெள்ளைக்காரப் பையன் நல்ல மனதோடுதான் கேட்டான்: இதெல்லாம் இந்தியாவில் இருக்கலாம், இங்கேயுமா நடக்கிறது? மற்ற பன்னிரண்டு பேரும் பழுப்பு முகங்களைத் தேடினார்கள். பிரவீன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மாதிரி நேரத்தில் பேசாமல் காத்திருக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மௌனம் நல்லதுதான், ஆனால் அது யார் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அன்று அது ஒரு பையன் தலையில் உட்கார்ந்திருந்தது.

"நடக்கிறது" என்றேன். "நானே செய்திருக்கிறேன். இந்த ஊரில், ரொம்ப நாளைக்கு முன்னால் அல்ல."

என்ன செய்தீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள்.

"அது என் கதை மட்டும் இல்லை. அதனால் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் சாதியைப் பற்றி வேண்டுமானால் கேளுங்கள், சொல்கிறேன்."

கேட்டார்கள். ஒரு மணி நேரம் கேட்டார்கள். டீக்கடை டம்ளரிலிருந்து எல்லாம் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டு நான் பேசியதில்லை. நித்யா குனிந்தபடி எழுதிக்கொண்டே இருந்தாள். பிரவீன் அன்றும் பேசவில்லை. ஆனால் எல்லோரும் போன பிறகு நாற்காலிகளைத் திருப்பிப் போட நின்றான். அன்றைய சீட்டில் நான் எந்தப் பெயரும் எழுதவில்லை.

அதோடு அவன் வகுப்பு முடிந்தது. பிறகு இரண்டு வருடம், போன் மணி அடித்தாலே அவன் அப்பா வேலை போய்விட்டது என்ற செய்தியோ என்று பயந்துகொண்டிருந்தேன். போகவில்லை. நித்யாவின் அப்பாவுக்குத் தெரியாததால் போகவில்லையா, தெரிந்தும் போகவில்லையா, அதுவும் எனக்குத் தெரியாது. இதை எழுதலாமா என்று பிரவீனைக் கேட்டதற்கு, கிரீன் கார்டு வந்த பிறகு எழுதுங்கள், பெயரையும் ஊரையும் மாற்றிவிடுங்கள் என்றான். வந்துவிட்டது. மாற்றிவிட்டேன்.

அவன் பட்டம் வாங்கிய நாளோடு நிறுத்திக்கொள்கிறேன். மே மாத வெயில். புல்வெளி முழுக்கக் கறுப்பு அங்கியும் பூங்கொத்துமாக இருந்தது. என்னைப் பார்த்து அவனே கூப்பிட்டான். அப்பாவும் அம்மாவும் நின்றிருந்தார்கள். அப்பாவின் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அவருக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. போட்டோ எடுக்கப் போனைக் கையில் வைத்திருந்தார். "எங்க ப்ரொஃபசர்" என்று பிரவீன் ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தினான்.

"ரொம்ப சந்தோஷமுங்க மேடம்" என்றார். நான் இரண்டு வார்த்தை பேசியதுமே அவருக்கு என் பேச்சு பிடிபட்டுவிட்டது. "மேடத்துக்கு எந்த ஊருங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"ஓ" என்றார்.

அந்த 'ஓ'வை எனக்குத் தெரியும். முகம் மரியாதையாகவே இருந்தது, ஆனால் கதவு சாத்திக்கொண்டது. மனைவியை ஒரு பார்வை பார்த்தார். போனைப் பைக்குள் போட்டார். "டிரெயினுக்கு நேரமாச்சுங்க, கிளம்பறோம்" என்றார். நான் கேட்கப்போகும் அடுத்த கேள்விக்குப் பஸ் ஸ்டாண்டை அவர் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. பயப்படாதீர்கள், கேட்க மாட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்படிச் சொன்னால் எனக்கு எல்லாம் தெரியும் என்றாகிவிடும். மகன் பட்டம் வாங்கிய நாளில் அதை அவர் தலையில் போட நான் யார்? கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பிரவீன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தமிழில் பேசினான். என் முன்னால் அவன் தமிழ் பேசியது அதுதான் முதல் தடவை.

"அப்பா, இவங்க ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க."

அவர் மகனைப் பார்த்தார். பிறகு என்னை ரொம்ப நேரம் பார்த்தார். போனை மறுபடி வெளியே எடுத்தார்.

"மேடம், வெயில் மூஞ்சில அடிக்குதுங்க" என்றார். "கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து நில்லுங்க."

போய் நின்றேன்.